கருப்பு எவ்வளவு கருப்பு? ஓலெட் தொலைக்காட்சியைச் சோதித்துப் பார்ப்போம்



கருப்புத் தோல் துண்டுகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பளபளவென்று மெருகேற்றியது; மற்றொன்று மெருகில்லாதது. மேல்விஷாரம், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் உள்ளவர்களுக்கு இவை எளிதில் கிடைக்கும். மற்ற ஊர் மாணவர்கள் மெருகிட்ட காலணி ஒன்றையும் மெருகு போன காலணி ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் வீட்டின் இருண்ட மூலையில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கருப்பாகத் தெரியும். இப்போது வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடியுங்கள். மெருகில்லாத தோல் எந்தப் பக்கம் திருப்பினாலும் சற்றே சாம்பல் நிறமாகத் தெரியும். மெருகிட்ட தோல் ஒரு கோணத்தில் நல்ல கருப்பாகவும், இன்னொரு கோணத்தில் கண் கூசும் வெண்மையாகவும் தெரியும்.

தோல் மாறவில்லை. அதன்மேல் விழுந்த ஒளியும், நாம் பார்த்த கோணமும்தான் மாறின. தோலைத் தரம் பிரிப்பவர்கள் அதனை நல்ல வெளிச்சத்தில் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பதன் காரணம் இதுதான். கட்டின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்து அவர்கள் தரத்தை முடிவு செய்வதில்லை.

இதே முறையில் இன்று நாம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைச் சோதிக்கப் போகிறோம். கடைகளில் ‘ஓலெட்’ என்று சொல்லி விற்கிறார்களே, அந்த உயர்விலைப் பெட்டிதான் அது. 55 அங்குல ஓலெட் பெட்டியின் விலை பெரும்பாலும் இலட்ச ரூபாயைத் தாண்டுகிறது. காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவருக்கு அது பல மாத ஊதியம். வீட்டில் இப்படி ஒரு பொருள் வாங்கும்போது, “நீதான் படிக்கிறாயே, எது நல்லது என்று சொல்” என்று பெரியவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். அப்போது விளம்பரத்தில் உள்ள எண்களை ஒப்பிப்பதா? அல்லது சோதித்துப் பார்த்துச் சொல்வதா? இரண்டாவது வழிக்கு வேண்டிய இயற்பியல் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

தானே ஒளிரும் புள்ளி

தொலைக்காட்சிப் படம் என்பது நெருக்கமாக அடுக்கிய புள்ளிகளின் தொகுதி. ‘4கே’ திரையில் குறுக்கே 3,840 புள்ளிகளும் நெடுக்கே 2,160 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 82,94,400 புள்ளிகள். ஏறத்தாழ 83 இலட்சம்!

இப்புள்ளிகள் ஒளி பெறும் முறையில்தான் பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு. இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது திரவப் படிகத் திரை. அதன் பின்னால் எல்.இ.டி. விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். கடையில் ‘எல்.இ.டி. டி.வி.’ என்று சொல்லப்படுவது இதுவே. திரவப் படிகம் ஒளியைத் தருவதில்லை. சன்னல் கதவைப் போல ஒளியைத் திறந்துவிடும், அல்லது மூடும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் கதவிடுக்கில் சிறிது வெளிச்சம் கசியும் அல்லவா? அதுபோல இத்திரையில் கருப்பு என்பது முழுக் கருப்பாக இருப்பதில்லை. வெண்மையின் ஒளியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கோ, சிலவகைத் திரைகளில் ஐயாயிரத்தில் ஒரு பங்கோ எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும்.

ஓலெட் திரையில் பின் விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறிய டயோடு. மின்னோட்டம் பாய்ந்தால் ஒளிரும், நிறுத்தினால் அணையும். இந்த டயோடு சிலிக்கானால் ஆனதன்று; கரிமச் சேர்மத்தால் ஆனது. ‘ஆர்கானிக்’ என்ற சொல் அதையே குறிக்கிறது. ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்களும், மறு முனையிலிருந்து ‘துளை’கள் எனப்படும் எலக்ட்ரான் காலியிடங்களும் நடுவிலுள்ள மெல்லிய ஏட்டுக்குள் வந்து சேர்கின்றன. எலக்ட்ரான் துளையில் விழும்போது அது இழக்கும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது.

கரிமச் சேர்மங்களை மின்சாரத்தால் ஒளிரச் செய்ய முடியும் என்பது 1960-களிலேயே தெரியும். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் இரண்டு வேறு கரிம ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பசுமையான ஒளியைப் பெற்றார்கள். அந்த ஏடுகளின் மொத்தத் தடிப்பு தலைமயிரின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்கே.

அவர்கள் பயன்படுத்திய ஒளிரும் பொருள் ஒரு அலுமினியச் சேர்மம். ஓர் அலுமினிய அயனியை மூன்று கரிம மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்திருக்கும். இதற்கு அணைவுச் சேர்மம் என்று பெயர். தோல் பதனிடும்போது குரோமியம் தோலிலுள்ள கொலாஜன் புரதத்தைப் பிடித்துக்கொள்வதும் இதே வகைப் பிணைப்பால்தான். பாலாற்றங்கரைத் தோல் தொழிலுக்கும் ஓலெட் திரைக்கும் வேதியியல் ஒன்றே!

2007-இல் சோனி நிறுவனம் 11 அங்குல ஓலெட் பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013-இல் எல்.ஜி. நிறுவனம் 55 அங்குலப் பெட்டியை வெளியிட்டது. 2022-இல் நீல ஒளியைத் துகள்களால் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும் ‘குவாண்டம் டாட் ஓலெட்’ என்னும் மற்றொரு வகை வந்தது. நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஓலெட் திரைகளுக்கென ஓர் ஆய்வு மையம் உள்ளது.

முதல் சோதனை: கருப்பு

வெண்மைக்கும் கருப்புக்கும் உள்ள ஒளி விகிதத்தைக் ‘கான்ட்ராஸ்ட்’ என்பார்கள். ஓலெட் புள்ளியை அணைத்தால் ஒளி சுழி. எந்த எண்ணையும் சுழியால் வகுத்தால் என்ன வரும்? அதனால்தான் விளம்பரத்தில் ‘முடிவிலி கான்ட்ராஸ்ட்’ என்று அச்சிடுகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அது எந்த நிலையில் சரி என்று கேட்க வேண்டும்.

திரைதான் ஒளி தரவில்லையே தவிர, அறையின் வெளிச்சம் திரையின் மேல் விழுந்து திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. வெயிலில் பிடித்த கருப்புத் தோல் சாம்பலாகத் தெரிந்ததை மறவாதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். திரையின் ஒளியை ‘நிட்’ என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா என்பதே ஒரு நிட். அறையின் வெளிச்சத்தை ‘லக்ஸ்’ என்ற அலகால் அளக்கிறார்கள். பரவலாகத் திருப்பும் பரப்பு ஒன்றிலிருந்து வரும் ஒளி நிட் கணக்கில் எவ்வளவு என்பதற்கு வாய்பாடு இது: லக்ஸ் அளவைத் திருப்பும் பின்னத்தால் பெருக்கி, 3.14-ஆல் வகுக்க வேண்டும்.

திரை நூற்றில் ஒரு பங்கைத் திருப்புகிறது என்று கொள்வோம். இரவில் குழல் விளக்கு எரியும் கூடத்தில் திரைமேல் 314 லக்ஸ் விழுந்தால், திரும்பும் ஒளி 1 நிட். படத்தின் வெண்மை 600 நிட் என்றால், வெண்மையிலும் இந்த 1 நிட் சேர்ந்துகொள்ளும். எனவே கண் காணும் விகிதம் 601-க்கு 1. பகலில் கதவும் சன்னலும் திறந்திருக்க, திரைமேல் 3,140 லக்ஸ் விழுந்தால், திரும்பும் ஒளி 10 நிட். விகிதம் 610-க்கு 10, அதாவது 61-க்கு 1. முடிவிலி எங்கே, 61 எங்கே!

ஆகவே கடையில் இப்படிச் சோதியுங்கள். கருப்புப் பின்னணியில் சிறு வெண்புள்ளிகள் உள்ள படம் ஒன்றை பென் டிரைவில் கொண்டு செல்லுங்கள். கடையின் விளக்குகளை இயன்றவரை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு எல்லா விளக்குகளையும் போட்டுப் பாருங்கள். இருட்டில், சாதாரணத் திரவப் படிகத் திரையில் வெண்புள்ளியைச் சுற்றி நிலவைச் சுற்றிய பரிவேடம் போல மங்கிய ஒளி தெரியலாம். ஓலெட்டில் அது இராது. வெளிச்சத்தில் பார்க்கும்போது, குவாண்டம் டாட் ஓலெட் திரைகளில் கருப்பு சற்றே ஊதா கலந்த சாம்பலாகத் தெரியக்கூடும். மற்ற வகை ஓலெட் திரைகளில் வெளியொளியை விழுங்கும் முனைவாக்கும் தாள் ஒட்டப்பட்டிருக்கும். குவாண்டம் டாட் வகையில் அது இல்லாததே காரணம்.

பொலிவைப் பற்றியும் ஒரு சொல். ‘உச்சப் பொலிவு 1000 நிட்’ என்று அட்டையில் போட்டிருந்தால், அது திரையின் சிறு பகுதி மட்டும் வெண்மையாக இருக்கும்போது அளந்த எண். திரை முழுதும் வெண்மையானால், மின்சாரச் செலவையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தப் பெட்டி தானே பொலிவைச் சில நூறு நிட்டுக்குக் குறைத்துவிடும். பரிசோதனைக்கு முழுவெள்ளைப் படம் ஒன்றையும் பென் டிரைவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சோதனை: நிறம், கோணம், கூர்மை

கடையில் ஓடும் மாதிரிப் படங்களில் கடல் மீனும் பழக்குவியலும் கண்ணைப் பறிக்கும். மீனின் உண்மை நிறம் நமக்குத் தெரியாது. ஆகையால் பிழையும் தெரியாது. நமக்கு நன்கு பழக்கமான நிறங்களைக் கேளுங்கள்: மனித முகம், வாழை இலை, செங்கல் சுவர். பெட்டியின் அமைப்புகளில் ‘விவிட்’ என்ற முறையை மாற்றி, ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ முறையை வைக்கச் சொல்லுங்கள். படம் முதலில் மங்கலாகவும் மஞ்சளாகவும் தோன்றும். ஐந்து நிமிடம் பொறுங்கள். கண் அதற்குப் பழகிய பின் முகங்கள் இயல்பாகத் தெரிவதைக் காண்பீர்கள்.

அடுத்து, திரையின் நேர் எதிரிலிருந்து மெல்லப் பக்கவாட்டில் நடந்து செல்லுங்கள். கூடத்தில் பாய் விரித்துக் குடும்பமே வரிசையாக அமரும் வீடுகளுக்கு இச்சோதனை மிக முக்கியம். பல திரவப் படிகத் திரைகள் பக்கத்திலிருந்து வெளிறித் தெரியும். ஓலெட் திரை பெரிதும் மாறாது. ஓரத்தில் அமர்பவர்களுக்கும் நடுவில் அமர்பவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே படம் கிடைக்கும்.

கூர்மைக்கு ஒரு கணக்கு. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். ரேடியனில் இது 0.00029. 55 அங்குலத் திரையின் அகலம் 121.8 செ.மீ. இதை 3,840-ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் அளவு 0.317 மி.மீ. இதை 0.00029-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 1.1 மீட்டர். அதற்கு அப்பால் அமர்ந்தால் புள்ளிகள் தனித்தனியே தெரியா. அகலத்தில் 1,920 புள்ளிகளே உள்ள ‘ஃபுல் எச்.டி.’ திரைக்கு இத்தூரம் 2.2 மீட்டர். உங்கள் வீட்டில் திரைக்கும் அமரும் இடத்துக்கும் 3 மீட்டர் என்றால், அந்த அளவுத் திரையில் புள்ளிகளின் எண்ணிக்கைக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஒரு நூல் எடுத்து வீட்டில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

மூன்றாம் சோதனை: ஒலி

திரை எவ்வளவு மெல்லியதாகிறதோ, ஒலிக்கு அவ்வளவு இடம் குறைகிறது. இதற்கும் இயற்பியலில் காரணம் உண்டு. ஒலிபெருக்கியின் தாள் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஒரே தாள் அதே ஒலி வலிமையைத் தர வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது அது நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 400 ஹெர்ட்ஸில் 0.1 மி.மீ. அசைந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸில் 6.4 மி.மீ. அசைய வேண்டும்! விரற்கடை அகலமுள்ள பெட்டிக்குள் அடங்கும் சிறு ஒலிபெருக்கிக்கு அது இயலாது.

ஆகவே ‘60 வாட்’ என்று அட்டையில் உள்ளதைப் பார்த்து மயங்காமல், மிருதங்கம் தனித்து ஒலிக்கும் இசைப்பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். வலந்தலையின் கூர்மையான ஒலி எல்லாப் பெட்டிகளிலும் கேட்கும். இடப்பக்கத் தொப்பியின் கும்மென்ற ஒலி கேட்கிறதா, அல்லது ‘தப்’ என்று நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். பிறகு செய்தி வாசிப்பதைக் கேளுங்கள். மின்விசிறி முழு வேகத்தில் சுழலட்டும். கோடையில் நம் ஊர்களில் விசிறி இல்லாமல் யாரும் தொலைக்காட்சி பார்ப்பதில்லையே! அந்த இரைச்சலில் ‘ச’வும் ‘ஸ’வும் வேறு வேறாகக் கேட்டால் பேச்சுத் தெளிவு நன்று.

ஓலெட்டுக்கு ஒலியில் ஒரு தனி வசதி உண்டு. பின் விளக்கு இல்லாத மெல்லிய திரை என்பதால், திரையையே அதிரச் செய்து ஒலிபெருக்கியாக்கலாம். 2017-இல் சோனி நிறுவனம் இம்முறையைப் பெட்டியில் கொண்டுவந்தது. பேசுபவர் திரையின் எப்பக்கம் நிற்கிறாரோ அப்பக்கத்திலிருந்தே குரல் வருவதுபோல் கேட்கும். எனினும் கனத்த தாழொலிக்கு இதிலும் தனி ஒலிபெருக்கி வேண்டும்.

‘அட்மாஸ்’ என்னும் சூழொலியைப் பற்றி எச்சரிக்கை தேவை. சில பெட்டிகளும் ஒலிப்பட்டைகளும் ஒலியை மேல்நோக்கி அனுப்பி, கூரையில் பட்டுத் திரும்பச் செய்து, மேலிருந்து வருவதுபோல் காட்டுகின்றன. சமமான கான்கிரீட் கூரையில் இது நடக்கும். சாய்ந்த ஓட்டுக் கூரையில் ஒலி வேறு பக்கம் திரும்பிச் சிதறிவிடும். எதிரொலிப்பு விதியை எட்டாம் வகுப்பு மாணவரும் அறிவார். வாங்குகிறவர் அதனை வீட்டுக் கூரையோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

நான்காம் சோதனை: விளையாட்டு

விளையாட்டுக் கருவியை இணைத்து ஆடுபவர்களுக்கு மூன்று காலங்கள் முக்கியம். இவற்றைக் குழப்பிக்கொள்ளவே கூடாது.

முதலாவது, புள்ளி நிறம் மாற எடுக்கும் காலம். திரவப் படிக மூலக்கூறுகள் உடல் திரும்ப வேண்டும். அதற்குச் சில மில்லி வினாடி ஆகும். ஓலெட்டில் மின்னோட்டம் மட்டும் மாறினால் போதும். ஒரு மில்லி வினாடிக்கும் குறைவு. ‘0.1 மில்லி வினாடி’ என்று விளம்பரம் செய்வது இதனையே.

இரண்டாவது, படம் மாறும் இடைவெளி. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி வினாடி நிற்கும். 120 ஹெர்ட்ஸில் 8.3 மில்லி வினாடி. திரையின் குறுக்கே 2 வினாடியில் ஒரு பந்து ஓடுகிறது என்போம். வினாடிக்கு 1,920 புள்ளிகள். 60 ஹெர்ட்ஸில் அது படத்துக்குப் படம் 32 புள்ளிகள் தாவுகிறது. நம் கண்ணோ பந்தைத் தொடர்ந்து சீராக நகர்கிறது. படம் நிற்க, கண் நகர, விழித்திரையில் பந்து 32 புள்ளி அகலத்துக்கு இழுபடுகிறது. 120 ஹெர்ட்ஸில் இது 16 ஆகக் குறையும். புள்ளி எவ்வளவு விரைவாக மாறினாலும் இந்த இழுப்பு போகாது. ஆகவே 0.1 என்ற எண் மட்டும் தெளிவுக்கு உறுதியன்று. மேலும், வினாடிக்கு 24 படங்களே உள்ள திரைப்படத்தில் புள்ளிகளின் இந்த விரைவே ஒரு குறையாகவும் ஆகலாம்; காமிரா மெல்ல நகரும் காட்சிகள் விட்டுவிட்டுத் தாவுவது ஓலெட்டில் கூடுதலாகத் தெரியும்.

மூன்றாவது, பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் விளைவு தெரியும் வரை ஆகும் தாமதம். படத்தை மெருகேற்றப் பெட்டிக்குள் நடக்கும் கணக்குகளால் இது கூடுகிறது. சினிமா முறையில் பெட்டியின் தாமதம் 50 மில்லி வினாடியைத் தாண்டலாம். ‘கேம்’ முறையில் சுமார் 10-க்குக் குறையும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து 50 மில்லி வினாடியில் ஏறத்தாழ 2 மீட்டர் கடந்துவிடும். மட்டையை வீசும் பொத்தானை நீங்கள் சரியாக அழுத்தியும் ஏன் ஆட்டமிழந்தீர்கள் என்பது இப்போது புரிகிறதா?

இதை நீங்களே அளக்கலாம். வினாடிக்கு 240 படம் எடுக்கும் ‘ஸ்லோ மோஷன்’ வசதி உள்ள கைப்பேசியால் பொத்தானும் திரையும் சேர்ந்து தெரியும்படி படம் பிடியுங்கள். விரல் பொத்தானை அழுத்திய படத்திலிருந்து திரை மாறிய படம் வரை எண்ணுங்கள். ஒரு படத்துக்கு 4.17 மில்லி வினாடி. 12 படம் என்றால் 50 மில்லி வினாடி. விளையாட்டுக் கருவியின் தாமதமும் இதில் சேர்ந்திருக்கும். எனவே ஒரே கருவியை வைத்து இரு பெட்டிகளை ஒப்பிட வேண்டும்.

கம்பியையும் மறக்க வேண்டாம். 83 இலட்சம் புள்ளி, வினாடிக்கு 120 படம், புள்ளிக்கு 30 பிட்: பெருக்கினால் வினாடிக்கு 2,986 கோடி பிட். எச்.டி.எம்.ஐ. 2.0 வழி 1,800 கோடி பிட்டையே சுமக்கும், 2.1 வழி 4,800 கோடி வரை சுமக்கும். பெட்டியில் நான்கு துளைகள் இருந்தாலும் எல்லாம் 2.1 என்று சொல்ல முடியாது. எத்தனை துளைகள் 120 ஹெர்ட்ஸ் ஏற்கும் என்று கேட்டு, கையேட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

தேய்மானம்

ஓலெட்டின் பெரிய குறை இதுதான். கரிமப் பொருள் ஒளிர ஒளிரத் தேய்கிறது. நீல ஒளியின் ஆற்றல் சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். சிவப்புக்கு 2 மட்டுமே. அதிக ஆற்றலைத் தாங்கும் நீலப் பொருளின் மூலக்கூறுப் பிணைப்புகள் விரைவில் பழுதாகின்றன. திரையின் ஒரே இடத்தில் ஒரே உருவம் நாள்தோறும் நின்றால், அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிட முன்னதாகத் தேய்ந்து, அவ்வுருவின் தழும்பு நிலையாகத் தங்கிவிடும். பழைய படக்குழாய்களுக்கும் இக்குறை இருந்தது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். காலை முதல் இரவு வரை ஒரே செய்தி அலைவரிசை; மூலையில் அதே சின்னம்; அடியில் அதே ஓடும் எழுத்துப் பட்டை. ஓலெட்டுக்கு இதைவிடக் கடுமையான சோதனை இல்லை. இத்தகைய வீட்டில் அந்தப் பெட்டியை வாங்குமுன் இருமுறை எண்ண வேண்டும்.

இன்னொரு செய்தி. இப்பெட்டிகள் பார்த்து முடித்தபின் ஓய்வு நிலையில் இருக்கும்போது தம் புள்ளிகளைத் தாமே சரிபார்த்துச் சீர் செய்கின்றன. ரிமோட்டில் அணைத்த உடனே சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவது நம்மில் பலரின் நல்ல பழக்கம். ஓலெட் பெட்டிக்கு மட்டும் அது ஆகாது. சீரமைப்பு முடிய நேரம் கொடுத்து, பிறகு அணையுங்கள். இடி மின்னல் வேளை மட்டும் இதற்கு விலக்கு.

முடிவாக

இரவில் விளக்கைத் தணித்துத் திரைப்படம் பார்க்கும் வீட்டுக்கும், விளையாட்டில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கும் ஓலெட் மிகச் சிறந்த திரை. பக்கவாட்டில் பலர் அமரும் கூடத்துக்கும் நன்று. வாசற்கதவு திறந்தே இருக்கும் பகல்வெளிச்சக் கூடத்துக்கும், நாள் முழுதும் செய்தி ஓடும் வீட்டுக்கும் பொலிவுமிக்க திரவப் படிகப் பெட்டியே பொருத்தம், விலையும் குறைவு. எதை வாங்கினாலும், நல்ல ஒலி வேண்டுமானால் தனி ஒலிபெருக்கிக்கென ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

முடிவிலி, 0.1, 1000, 60: அட்டையில் உள்ள இவ்வெண்கள் பொய் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நிலையில் அளந்தவை. “எந்த நிலையில்?” என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிக்கு மட்டுமன்று, நாளை நீங்கள் வாங்கப்போகும் எல்லாப் பொருள்களுக்கும் அக்கேள்வி உதவும்.

செய்து பாருங்கள்

1. 65 அங்குல 4கே திரையின் அகலம் 143.9 செ.மீ. எவ்வளவு தூரத்துக்கு அப்பால் அதன் புள்ளிகள் தனித்தனியே தெரியா?

2. கைப்பேசியில் எடுத்த 240 படக் காட்சியில், பொத்தானுக்கும் திரைக்கும் இடையே 9 படங்கள் உள்ளன. தாமதம் எவ்வளவு?

3. கம்பியில்லா ஒலிபெருக்கி ஒன்றில் ஒலி 150 மில்லி வினாடி பிந்தி வருகிறது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீட்டர் என்றால், எவ்வளவு தொலைவில் நிற்பவர் பேசுவதைக் கேட்பதற்கு இது சமம்?

4. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளைகளிலும் திரையில் என்னென்ன பொருள்களின் உருவம் தெரிகிறது என்று எழுதுங்கள். அந்த உருவங்கள் மிகக் குறையும்படி பெட்டியை வைக்க வேறு சுவர் உண்டா என்று வீட்டாரோடு சேர்ந்து பாருங்கள். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. பழைய பெட்டியின் படமும் மேம்படும்.

விடைகள்: 1) ஏறத்தாழ 1.3 மீட்டர். 2) 37.5 மில்லி வினாடி. 3) 52.5 மீட்டர்.